டிவி பாக்ஸில் படம் நின்று நின்று ஓடினால்: பிளானை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

படம் பாதியில் நின்று, திரையின் நடுவே வட்டம் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலான வீடுகளில் முதல் சந்தேகம் பிளான் மேல்தான் விழும். "100 எம்பி பத்தாது, 300 போட்டுக்கோங்க" என்று யாராவது சொல்வார்கள். மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போகும், ஆனால் அதே இடத்தில் அதே வட்டம் சுற்றும்.

ஒரு படத்துக்கு உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும் என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் கேட்பது 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். யூடியூப் 4கே வீடியோவுக்கு 20 கேட்கிறது. அதாவது 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒழுங்காக வந்தால், ஒரே நேரத்தில் இரண்டு டிவியில் 4கே ஓட்டிவிட்டு வீட்டில் உள்ள எல்லா போனுக்கும் மிச்சம் இருக்கும். அப்படியிருந்தும் படம் நிற்கிறது என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும், பைசா செலவில்லை. கண்டுபிடித்த பிறகு காசைச் செலவு செய்வதுதான் முறை.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. பிளானில் சொல்லும் எம்பிபிஎஸ் பிட் கணக்கு. கம்ப்யூட்டரில் ஃபைல் இறங்கும்போது தெரியும் எம்பி பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் வினாடிக்கு 12 எம்பி இறங்கினால் இணைப்பு முழு வேகத்தில்தான் இருக்கிறது.

ஸ்பீட் டெஸ்ட் 95 காட்டுகிறது, ஆனாலும் சுற்றுகிறது

இதில் முரண் எதுவும் இல்லை. ஓடிடி ஆப் எதுவும் படத்தை ஒரே ஓட்டமாக இறக்குவதில்லை. சர்வரில் படம் சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். பாக்ஸ் அடுத்தடுத்த துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. வேகம் இறங்கினால் தரம் குறைந்த துண்டைக் கேட்கும். படம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். சேர்த்து வைத்தது தீர்ந்து, அடுத்த துண்டும் வராத நொடியில்தான் வட்டம் தோன்றும்.

ஆக, படத்தைக் கெடுப்பது சராசரி வேகம் அல்ல, இடையில் விழும் வெற்றிடம். சீராக 12 எம்பிபிஎஸ் வரும் இணைப்பில் முழு ஹெச்டி படம் நிற்காமல் ஓடும். 90 எம்பிபிஎஸ் வரும் இணைப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரை நிமிடம் செத்துப் பிழைத்தால் அதே படம் நின்று நின்று ஓடும். ஸ்பீட் டெஸ்ட் ஓடுவது அரை நிமிடம் அளவுதான். அதுவும் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு, ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து ஓடும். அந்த வெற்றிடம் அதன் கண்ணில் படுவது அரிது.

கிரிக்கெட் நேரலை மட்டும் நிற்கிறது, படம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதற்கும் காரணம் இதுதான். படத்தில் பாக்ஸ் நிறையவே முன்கூட்டி வாங்கி வைக்க முடியும். நேரலையில் இன்னும் வீசாத பந்தை வாங்கி வைக்க முடியாது. கையிருப்பு சில வினாடிகள்தான். சின்ன வெற்றிடம்கூட அங்கே வெளியே தெரிந்துவிடும்.

முதல் சோதனை: குறை நெட்டிலா, பாக்ஸிலா?

இதற்கு யூடியூப் போதும். டிவி பாக்ஸில் ஏதாவது ஒரு 4கே அல்லது 1080பி வீடியோவை ஓட விட்டு, கீழே இருக்கும் சக்கரக் குறியை அழுத்தினால் பட்டியலில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' இருக்கும். அதைத் திறந்து இரண்டு வரிகளை மட்டும் கவனியுங்கள். 'பஃபர் ஹெல்த்' என்பது கையிருப்பு எத்தனை வினாடி என்று காட்டும். ஃபிரேம் வரியில் 'டிராப்டு' என்பது பாக்ஸ் காட்ட முடியாமல் விட்ட காட்சிகளின் எண்ணிக்கை.

கையிருப்பு 20, 30 வினாடி என்று தாராளமாக இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, டிராப்டு எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நெட்டின் மேல் குற்றம் இல்லை. சுருக்கி வரும் வீடியோவை பாக்ஸால் விரிக்க முடியவில்லை. கையிருப்பு மெல்லக் கரைந்து பூஜ்யத்துக்கு வந்து படம் நிற்கிறது என்றால் நெட்தான். பத்து நிமிடம் உட்கார்ந்து இதைப் பார்த்தால் வேண்டாத வேலையில் பாதி மிச்சம்.

நெட் என்றால், எந்தத் துண்டில்?

தெருவிலிருந்து திரை வரை வரும் வழியைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். வரிசை முக்கியம்.

முதலில் லேப்டாப்பை லேன் ஒயர் மூலம் மோடத்தில் நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். கூடவே நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலும் பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சொந்த சர்வர்களிலிருந்தே இறக்கிப் பார்ப்பதால் படம் வரும் வழிக்கு நெருக்கமான அளவு கிடைக்கும். அடுத்து போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு (வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு) மோடத்தின் அருகில் நின்று ஒன்று. பிறகு அதே போனை டிவிக்குப் பின்னால், பாக்ஸ் இருக்கும் இடத்திலேயே பிடித்து ஒன்று. கடைசியாக பாக்ஸிலேயே ஒன்று. ஆண்ட்ராய்டு டிவியிலும் ஃபயர் டிவியிலும் 'அனலிட்டி' என்ற ஆப் இதற்கு நன்றாக உதவும். வேகத்தோடு சிக்னல் அளவையும் காட்டும்.

நான்கு எண்களும் கையில் வந்ததும் எங்கே விழுகிறது என்று பளிச்சென்று தெரியும். ஒயரில் 95, மோடம் அருகே 90, டிவிக்குப் பின்னால் 9 என்றால் வைஃபை. போனில் அங்கேயே 80 வந்து பாக்ஸில் 11 என்றால் பாக்ஸ். ஒயரிலேயே 20 என்றால் வெளியே. இதைக் காலையில் ஒருமுறை, இரவு 8 மணிக்கு மேல் ஒருமுறை செய்ய வேண்டும். காலையில் மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும்.

வெற்றிடத்தைப் பிடிக்க பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவு) பார்க்க வேண்டும். போனிலேயே அதற்கான ஆப்கள் உண்டு. பாக்ஸ் இருக்கும் இடத்தில் நின்று, முதலில் மோடத்தின் முகவரிக்குச் சில நிமிடம் ஓட விடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், மோடத்தின் அடியில் ஒட்டியிருப்பார்கள். பிறகு 8.8.8.8க்கு, அது வெளியே இருக்கும் கூகுள் சர்வர். வைஃபையில் மோடம் வரைக்கும் சில மில்லிசெகண்ட்தான் ஆக வேண்டும். அதுவே 200, 400 என்று எகிறினாலோ பதில் வராமல் போனாலோ கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, நெட் கம்பெனியைக் கூப்பிட்டுப் பயனில்லை. மோடம் வரை சீராக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால் வெளியே பார்க்க வேண்டும்.

வைஃபை: பெரும்பாலான வீடுகளில் நெரிசல் இங்கேதான்

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஓர் அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் சேர்ந்து இந்த மூன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் எல்லாம் அதே அலைவரிசை. ஆகவே பாக்ஸ் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக்கூடியது என்றால் முதல் வேலை அதற்கு மாறுவது. இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸில் உரிமமில்லாமல் பயன்படுத்தக்கூடிய பரப்பை நன்றாக விரித்துவிட்டார்கள், அங்கே இடம் தாராளம்.

பல மோடங்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். பாக்ஸ் ஒருமுறை 2.4ஐப் பிடித்தால் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். பிரவுசரில் மோடத்தின் முகவரியைத் திறந்து, வயர்லெஸ் பக்கத்துக்குப் போய் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாக்ஸில் பழைய பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டுப் புதியதை இணையுங்கள். நீக்காமல் விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழையதற்கே திரும்பிவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனலை 'ஆட்டோ'வில் விட வேண்டாம். 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை ஏதாவது ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். நடுவில் இருக்கும் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் சத்தம் கேட்டதாக மோடம் நினைத்தால் சேனலைக் காலி செய்தே ஆக வேண்டும். போய்ச் சேரும் இடமும் அதே வகைச் சேனல் என்றால் குறைந்தது 60 வினாடி காதைத் தீட்டிக் கேட்ட பிறகே ஒலிபரப்பலாம். அந்த ஒரு நிமிடத்தில் படம் நிற்காமல் என்ன செய்யும்? சில பாக்ஸ்களுக்கு அந்தச் சேனல்கள் கண்ணிலேயே படாது. "போனில் 5ஜி வைஃபை தெரிகிறது, டிவியில் தெரியவில்லை" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் ஆகாது. ஒரு செங்கல் சுவர் தாங்கும், இரண்டாவது சுவரோ கான்கிரீட் தூணோ வந்தால் தடுமாறும். பாக்ஸ் இருக்கும் இடத்தில் சிக்னல் -67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அல்லது அதைவிட நல்லதாக, அதாவது -60, -50 என்று பூஜ்யத்தை நோக்கி இருந்தால் 4கே-க்குக் கவலையில்லை. -75ஐத் தாண்டிக் கீழே போனால் எந்தச் சேனல் மாற்றமும் காப்பாற்றாது. மோடத்தை நகர்த்தத்தான் வேண்டும். பரணில், இரும்பு பீரோவின் மேல், கதவு மூடிய ஷோகேஸுக்குள் மோடம் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஃபைபர் ஒயர் எங்கே வந்து நின்றதோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வேண்டுமானால் நீளமான பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் ஒயர்) வாங்கி, மோடத்தை ஹாலில் ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கலாம். மற்ற எல்லாவற்றையும்விட இது அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து.

டிவிக்குப் பின்னால் நேராகச் செருகும் ஸ்டிக் வகைகளுக்குத் தனிப் பிரச்சினை. டிவியின் முதுகில் உலோகம் அதிகம். அதை ஒட்டி ஸ்டிக் இருந்தால் ஆன்டெனா மூச்சுத் திணறும். பெட்டியில் ஒரு சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்திருக்கும், பலர் அதைப் பிரிப்பதேயில்லை. அதைப் போட்டு ஸ்டிக்கை டிவி விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள், வித்தியாசம் உடனே டிபிஎம் எண்ணில் தெரியும். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை பாக்ஸிலோ மோடத்திலோ செருகியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஒயரிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது என்று இன்டெல் 2012இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் மட்டும் படம் தடுமாறுகிறது என்றாலும் காரணம் அதே அலைவரிசைதான், 5க்கு மாறினால் தீரும்.

பாக்ஸ் 2.4 மட்டுமே பிடிக்கும் பழைய ரகம் என்றால்? அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து 1, 6, 11இல் எது காலியோ அதை எடுங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். அடுக்குமாடியில் அது பக்கத்து வீட்டோடு மோதலைத்தான் கூட்டும். ஓர் ஆன்டெனா உள்ள பாக்ஸ் 20 மெகாஹெர்ட்ஸில் 72 எம்பிபிஎஸ் இணைப்பு காட்டினால் கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. ஹெச்டிக்குத் தாராளம்.

ரிப்பீட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது: ஒரே ரேடியோ உள்ள மலிவு ரிப்பீட்டர், வாங்கும் ஒவ்வொரு துண்டையும் அதே சேனலில் மறுபடி சொல்ல வேண்டும். வேகம் பாதியாகும். அதை டிவி பக்கத்தில், சிக்னல் ஏற்கெனவே செத்த இடத்தில் மாட்டினால் செத்த சிக்னலைத்தான் திருப்பிச் சொல்லும். பாதி வழியில் மாட்ட வேண்டும்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூடியூபில் 'காஸ்ட்' குறியை அழுத்தினால் டிவி தானே நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். திரையை 'மிரர்' செய்தால் போன் நெட்டிலிருந்து வாங்கி, அதைப் புதிதாகச் சுருக்கி, வைஃபையில் மறுபடி அனுப்புகிறது. ஒரே படம் காற்றில் இரண்டு முறை போகிறது. மிரரிங்கில் நிற்பதை வைத்து நெட்டைக் குறை சொல்ல முடியாது.

ஒயர் இழுக்க முடிந்தால் அதுவே முடிவு

பாக்ஸில் லேன் துளை இருந்து, ஒயர் கொண்டுபோக வழியும் இருந்தால் மேலே சொன்ன பாதி வேலை தேவையே இல்லை. கேட் 5இ ஒயர் போதும், 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் வளைக்கும் இடத்தில் உள்ளே முறியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இழுக்காதீர்கள், பாதுகாப்பும் இல்லை, இரைச்சலும் ஏறும்.

கனெக்டர் அடிக்கும் வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். அதனால்தான் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். 300 பிளானில் ஒயரில் சரியாக 94 மட்டும் வருகிறது என்றால் நெட் கம்பெனியைத் திட்டும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள். அல்லது மோடத்தின், லேப்டாப்பின் லேன் துளையே 100 ரகமாக இருக்கும்.

விலை குறைந்த டிவி பாக்ஸ்களில் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் ரகம்தான். "வைஃபையில் 200 வருது, ஒயரில் 94தான் வருது" என்று ஒயரைப் பிடுங்க வேண்டாம். ஓடிடி எதுவும் 94ஐக் கேட்பதில்லை, அந்த 94 அசையாமல் வரும். விதிவிலக்கு ஒன்று உண்டு. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ நாஸிலிருந்தோ (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) மேலும் சுருக்காத 4கே ப்ளூரே ஃபைலை ஓட்டினால் சில காட்சிகளில் 100ஐத் தாண்டும். அதற்கு மட்டும் ஜிகாபிட் துளையோ நல்ல 5 கிகாஹெர்ட்ஸோ வேண்டும்.

குறை பாக்ஸில் இருந்தால்

மின்சாரத்தில் தொடங்குங்கள். ஸ்டிக்கை டிவியின் யூஎஸ்பி துளையிலேயே செருகி ஓட்டுவது பரவலான பழக்கம். யூஎஸ்பி 2.0 துளை தரக் கடமைப்பட்டது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான், ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் 1 ஆம்பியர் அல்லது மேல். 4கே வீடியோவும் வைஃபையும் சேர்ந்து இழுக்கும்போது மின்சாரம் பற்றாமல் வைஃபை அறும், சில சமயம் பாக்ஸே மறுபடி தொடங்கும். அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

அடுத்து இடம். 8 ஜிபி சேமிப்புள்ள ஸ்டிக்கில் ஆப்களுக்குக் கிடைப்பது 5 ஜிபி அளவில்தான். அது நிரம்பினால் எல்லாமே மந்தமாகும். பார்க்காத ஆப்களை அழித்து, பெரிய ஆப்களின் கேஷை (தற்காலிகச் சேமிப்பு) மட்டும் காலி செய்யுங்கள். 'கிளியர் டேட்டா' கொடுத்தால் மறுபடி லாகின் செய்ய வேண்டும். ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினால் பாக்ஸ் தூங்கத்தான் செய்கிறது. ஃபயர் டிவியில் நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து ஐந்து வினாடி அழுத்தினால் முழுதாக மறுதொடக்கம் ஆகும். மூடிய ஷோகேஸில் வெந்துகொண்டிருக்கும் பாக்ஸ் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு தடுமாறினால் சூட்டைச் சந்தேகியுங்கள்.

டிராப்டு எண் ஏறினால் கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) காரணமாக இருக்கலாம். இப்போது நிறைய வீடியோ ஏவி1 வடிவில் வருகிறது. 2018இன் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே-யில் ஏவி1 விரிக்கும் வன்பொருள் இல்லை, 2021இன் 4கே மேக்ஸில் உண்டு. டிவி பாக்ஸ்களில் வரும் அம்லாஜிக் எஸ்905எக்ஸ்3 சிப்பில் இல்லை, எஸ்905எக்ஸ்4இல் உண்டு. பழைய பாக்ஸ் என்றால் தரத்தை 1080பி-யில் நிறுத்திப் பாருங்கள். 32 அங்குல டிவியில் ஹால் தூரத்திலிருந்து 4கே-யும் 1080பி-யும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

நெட்ஃபிளிக்ஸ் எப்போதும் மங்கலாகவே இருக்கிறது, ஆனால் நிற்பதில்லை, பாக்ஸில் அளந்த வேகமும் சரி என்றால் அது வேகக் குறைவே அல்ல. பெரும்பாலும் பாக்ஸுக்கு வைட்வைன் (படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) எல்1 சான்று இருக்காது. எல்3 மட்டும் உள்ள பெட்டிக்கு 480பி அளவுதான் தருவார்கள், பிளானை 1000 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் மாறாது. 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற ஆப் இதைக் காட்டும்.

சான்றில்லாத, பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் குறித்து அழுத்தியே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் டி95 என்ற பெட்டி தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு (மால்வேர்) வருவது வெளியானது. 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீநிரல் வலை பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. இப்படிப்பட்ட பெட்டிகள் உங்கள் இணைப்பை யார் யாருக்கோ வழியாக வாடகை விடுகின்றன. யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில் மோடத்தின் விளக்கு ஓயாமல் துடித்து, அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் அடங்கினால் அதைத் திரும்பச் செருகாதீர்கள்.

ஒயரிலேயே வேகம் இல்லை என்றால்

மோடத்தின் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, கூப்பிட வேண்டியதுதான். விளக்கு பச்சையாக இருந்தும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் மோடத்தின் பக்கத்தில் 'ஆப்டிகல்' அல்லது 'பான்' பகுதியில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். ஜிபான் (ஓர் இழையைப் பல வீடுகள் பகிரும் ஃபைபர் முறை) இணைப்பில் -8க்கும் -27 டிபிஎம்முக்கும் இடையில் மோடத்தால் படிக்க முடியும். -15 முதல் -24 வரை நிம்மதி. -26, -27 என்றால் விளிம்பில் நிற்கிறது, சின்ன அசைவிலும் அறும். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஜன்னல் சந்தில் நசுங்கிய ஒயர், சுருட்டி ஆணியில் மாட்டிய பேட்ச் கார்டு, அல்லது தூசி படிந்த கனெக்டர். ஃபைபரை விரல் மொத்தத்துக்கு வளைக்கக் கூடாது, ஒரு டம்ளர் அகலத்துக்குக் குறையாமல் சுருட்டுங்கள். பச்சை கனெக்டரை நீலத் துளையில் செருகக் கூடாது, முனையின் சாய்வு வேறு. முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது, ஒளி கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் வருகிறது.

காலையில் 95, இரவு 9 மணிக்கு 15 என்றால் தெருவில் நெரிசல். ஜிபானில் ஓர் இழையின் 2.5 ஜிகாபிட்டை 32, 64 என்று பல வீடுகள் பகிர்கின்றன. அதற்கு மேலே கம்பெனி வாங்கியிருக்கும் பெரிய இணைப்பும் நிரம்பலாம். இதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

மாதக் கடைசியில் மட்டும் மந்தம் என்றால் வரம்பைப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல பிளான்களில் மாதம் 3.3 டிபி வரம்பு உண்டு. 15 எம்பிபிஎஸ் 4கே படம் மணிக்கு 6.75 ஜிபி, ஆக 3.3 டிபி என்பது கிட்டத்தட்ட 490 மணி நேரம். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. தொட்டிருந்தால் வேறெதோ குடிக்கிறது.

யாராவது போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும்போதோ, சிசிடிவி கேமரா பதிவை அனுப்பும்போதோ மட்டும் படம் நின்றால் அப்லோடு வரிசை அடைத்திருக்கிறது. படம் வரும் பாக்கெட்டுகளுக்கு (சிறு டேட்டாத் துண்டுகள்) 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை அப்லோடு வழியாகத்தான் திரும்ப வேண்டும், அது வரிசையில் மாட்டினால் டவுன்லோடும் நிற்கும். அப்லோடு ஓடும்போது பிங் 20இலிருந்து 500க்கு ஏறினால் நோய் இதுவேதான். மோடத்தில் 'கியூஓஎஸ்' அல்லது 'எஸ்கியூஎம்' என்ற வேகக் கட்டுப்பாட்டு வசதி இருந்தால் அப்லோடு வேகத்தை அளந்த அளவில் 85 முதல் 90 சதவீதத்தில் கட்டிவையுங்கள். இல்லையென்றால் போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு முகவரி எண்ணைத் தேடித் தரும் சேவை) மாற்றினால் வேகம் கூடும் என்ற அறிவுரையை எங்கும் காணலாம். டிஎன்எஸ் வேகத்தைக் கூட்டாது. ஆனால் எந்த ஊர் சர்வரிலிருந்து படம் வரும் என்பதைச் சில சேவைகள் டிஎன்எஸ் கேட்ட இடத்தை வைத்து முடிவு செய்கின்றன. ஆகவே முன்பே 1.1.1.1 போன்று எதையாவது மாற்றி வைத்திருந்து, ஒரே ஓர் ஆப் மட்டும் தடுமாறினால் நெட் கம்பெனியின் டிஎன்எஸ்ஸுக்கே திரும்பிப் பாருங்கள். விபிஎன் இருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் எந்தச் சோதனையும்.

குறை வெளியேதான் என்று உறுதியானால் "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஒயரில் எடுத்த காலை, இரவு எண்கள், ஆர்எக்ஸ் பவர், மோடம் வரை பிங் சீராகவும் 8.8.8.8க்கு ஏறுவதாகவும் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை நேரத்தோடு அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண் இருந்தால்தான், தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.